இருக்கையுள்ள ஊன்றுகோல்: வாங்குமுன் அளந்து பாருங்கள்

பீர்மேடு வட்டத்தில் நூறு அடி தூரம் சமதளத்தில் நடப்பது அரிது. கோட்டயம்–குமுளி நெடுஞ்சாலையை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம் அல்லது இறக்கம். பாம்பனார், ஏலப்பாறை, வண்டிப்பெரியார் பகுதிகளின் தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்து பேருந்து நிற்கும் இடத்துக்கு வருவதற்குள் படி, சரிவு, கற்கள் துருத்திய குறுக்குவழி ஆகிய மூன்றையும் கடக்க வேண்டியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவை யாவும் ஈரம். இவ்வழிகளில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கொழுந்துக் கூடை சுமந்து நடந்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டார்கள். எங்கள் கிளைக்கு வரும் அவர்களில் பலர் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான்: “நடந்துருவேன் சார், நடுவுல உக்கார ஒரு எடம் இருந்தாப் போதும்.”

இந்தச் சொல்லை வெறும் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது. நடக்க இயலாமை வேறு. தொடர்ந்து நடக்க இயலாமை வேறு. முதுகுத்தண்டின் உட்பாதை வயதால் சுருங்கியவர்களுக்குச் சிறிது தூரம் நடந்ததும் கால்கள் மரத்துக் கடுக்கும். உட்கார்ந்து சற்று முன்னால் குனிந்தால் சில நிமிடங்களில் அந்த வேதனை தணிந்துவிடும். அவர்களுக்கு நின்று இளைப்பாறுவது உதவாது, உட்கார வேண்டும். காலின் இரத்தக் குழாய் அடைப்பால் வலி வருபவருக்கோ நின்றாலே வலி குறையும். இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் நோய், முழங்கால் மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கும் இடையிடையே ஓர் இருக்கை கிடைத்தால் நடையின் தூரம் நீளும். ஆகவே எந்தக் கருவியையும் வாங்குமுன் வலியின் காரணத்தை மருத்துவரிடம் கேட்டு அறிவது முதற்செலவாக இருக்கட்டும். இளைப்புக்கும் கால் வலிக்கும் மருந்து இருக்கும்போது, அவற்றை ஒரு நாற்காலியால் மறைத்து வைப்பது நல்ல கணக்கன்று.

கடைகளில் இருக்கையோடு கிடைக்கும் நடைத்துணைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, மடக்கினால் கைத்தடியாகவும் விரித்தால் முக்காலியாகவும் மாறும் கோல். மற்றது, நான்கு சக்கரமும் பிரேக்கும் இருக்கையும் கொண்ட ரோலேட்டர். ஒற்றைக் கால் கொண்ட பழைய இருக்கைக் கோலும் உண்டு. மேல்நாட்டில் குதிரைப் பந்தயத்துக்கும் வேட்டைக்கும் செல்வோர் மண்ணில் குத்திவைத்து அதன்மீது சாய்ந்தாற்போல் அமர்வார்கள். சுங்கத் தீர்வைப் பட்டியலின் 6602ஆம் தலைப்பில் கைத்தடியும் இருக்கைக் கோலும் சாட்டை, குதிரைச் சவுக்கு ஆகியவற்றோடு ஒரே வரியில் நிற்பதை வணிகவியல் படித்தவன் என்ற முறையில் ரசித்திருக்கிறேன். தம் இரு கால்களிலேயே உறுதியாக நிற்கக்கூடியவருக்கான பொருள் அது. முதியவர்களுக்கு அதை யாரும் வாங்கித் தர வேண்டாம்.

முக்காலிக் கோலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியில் அதிகம் வாங்கப்படுவதும் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் அதுவே. பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. எடை ஒரு கிலோவை ஒட்டியிருக்கும். பேருந்திலும் ஜீப்பிலும் மடியில் வைத்துக்கொண்டு செல்லலாம். மூன்று கால் என்பதால் மேடுபள்ளமான தரையிலும் ஆடாது. நாற்காலியைப் போல ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும் தொல்லை இல்லை. ஆனால் அதே மூன்று கால்தான் அதன் பலவீனமும். உடலின் பாரம் அக்கால்கள் அமைக்கும் முக்கோணத்தை விட்டு வெளியே சாய்ந்த கணத்தில் கோல் கவிழும். இருக்கையோ ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுதான். முதுகுச் சாய்மானமும் கைப்பிடியும் கிடையா. பெரும்பாலான மாதிரிகளில் கோலின் பிடி நமக்கு முன்னால் இருக்குமாறு, அதைப் பார்த்தபடி அமர வேண்டும். அப்போதுதான் இரு கைகளாலும் பிடியைப் பற்றிக்கொள்ள முடியும். பிடியை முதுகுப் பக்கம் விட்டு, சாய்வு நாற்காலி என்றெண்ணிச் சாய்கிறவர்கள் உண்டு. அது சாய்மானம் அன்று.

இதைவிட முக்கியமான ஒன்றை விற்பவர்கள் சொல்வதில்லை. கோலை முக்காலியாக விரிக்கும் அந்தச் சில நொடிகள், ஊன்றுவதற்கு எதுவும் இல்லாத நொடிகள். இரு கைகளும் வேலையில் இருக்கும். கால்கள் மட்டுமே உடலைத் தாங்கும். களைத்து, கால் மரத்து, தலை சற்றுக் கிறுகிறுக்கும் வேளையில்தான் ஒருவர் இருக்கையைத் தேடுவார் என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பாருங்கள். எனவே தடுமாற்றம் உள்ளவருக்கு இக்கோல் ஏற்றதன்று. நடை உறுதியாக இருந்து, தூரம் மட்டுமே தாங்காதவருக்கானது.

வீட்டிலேயே இதைச் சோதித்து அறியலாம். பெரியவரை எதையும் பற்றாமல் நிற்கச் சொல்லி, ஒரு துண்டை இரு கைகளாலும் நிதானமாக மடிக்கச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் அருகில் நிற்க வேண்டும். தள்ளாடாமல் மடித்துவிட்டால் கோலை விரிக்கவும் அவரால் முடியும். அடுத்து, கைப்பிடி இல்லாத நாற்காலியில் அமர்த்தி, கைகளை மார்பின் குறுக்கே கட்டியபடி எழுந்திருக்கச் சொல்லுங்கள். எழ முடியாதவர் முக்காலியில் அமர்ந்தால் வழியில் வேறொருவர் வந்து தூக்கிவிடும்வரை அங்கேயே இருக்க நேரும். என் மதிப்பீட்டில், அழகும் விலையும் பார்ப்பதற்கு முன் இவ்விரு சோதனைகளும் நடந்தாக வேண்டும். உட்காருவதைப் பற்றியே எல்லாரும் கேட்கிறோம்; எழுவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

ரோலேட்டரின் கதை வேறு. சுவீடனில் வாழ்ந்த ஐனா விஃபால்க் என்னும் பெண்மணி இளவயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டவர். 1978இல் அவர் உருவாக்கிய கருத்தே இன்றைய சக்கர நடைத்துணைக்கு மூலம். அதற்குக் காப்புரிமை பெறாமல், எல்லாரும் செய்து பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஐம்பது முன்னுரிமைத் துணைக்கருவிகளின் பட்டியலில் ரோலேட்டரும் இடம்பெற்றுள்ளது. சமதளமான நடைபாதையிலும் மருத்துவமனை நெடுங்கூடத்திலும் அதற்கு இணை இல்லை. தூக்கி வைக்க வேண்டியதில்லை, தள்ளினால் போதும். களைத்தால் திரும்பி அமரலாம்.

நம் மலைச் சரிவில் அது அப்படியே பொருந்தாது. இறக்கத்தில் சக்கரம் நடப்பவரை முந்திக்கொண்டு ஓடும். அதைக் கட்டுப்படுத்த இரு கைகளாலும் பிரேக்கை விடாது பிடித்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் கொழுந்து கிள்ளி விரல் மூட்டுகள் வீங்கிய கைகளுக்கு அது எளிதன்று. பல மாதிரிகளில் பிரேக் என்பது சக்கரத்தின் ரப்பரை அழுத்தும் ஒரு சிறு கட்டை மட்டுமே. மழையில் நனைந்தால் பிடி குறையும். சிறிய சக்கரம் கல்லில் முட்டி நிற்கும். நடக்கையில் உடல் உறையும் இயல்புள்ள பார்க்கின்சன் நோயாளிகளுக்குச் சாதாரண ரோலேட்டர் சமதளத்திலேயே ஓடிவிடக்கூடும். மருத்துவர் பரிந்துரைத்தால் அன்றி வாங்கலாகாது. இத்தனைக்கும் பிறகு, வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் மட்டும் நடப்பவருக்கு, அங்கே தரை சமமாக இருந்தால், நான் ரோலேட்டரையே சொல்வேன். இடறுபவருக்கு இரு கைப் பிடிமானம் தருவது அதுதான். வெளியே செல்கையில் அவருக்குத் தேவை ஒரு கைத்தடியும் ஒரு மனிதத் துணையும்.

வாங்குமுன் வாசலை அளந்துகொள்ளுங்கள். ரோலேட்டரின் அகலம் 60 செ.மீ. அளவிலும் அதற்கு மேலும் இருக்கும். லயத்து அறைகளின் வாசல் அதற்கு இடம் தருமா என்பது அளந்தால்தான் தெரியும். எடை ஆறிலிருந்து பத்துக் கிலோ வரை ஆகலாம். மடக்கி ஜீப்பின் பின்புறம் ஏற்றுபவர் யார் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அளவுகளில் மூன்று மட்டும் தவறக் கூடாதவை. வழக்கமாக அணியும் செருப்போடு நிமிர்ந்து நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுவே கைப்பிடியின் உயரம். கைத்தடிக்கும் ரோலேட்டருக்கும் இந்த விதி பொதுவானது. பிடியைப் பற்றும்போது முழங்கை சற்று மடங்கியிருக்கும். இருக்கையின் உயரம், அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுதும் படியும் அளவு. பல முக்காலிக் கோல்களில் இருக்கை உயரத்தை மாற்ற இயலாது என்பதால், குள்ளமானவர் கடையிலேயே அமர்ந்து பார்த்து வாங்குவது நல்லது. தாங்கும் எடை பெட்டியின்மீது அச்சிடப்பட்டிருக்கும். கடைக்குச் சென்று திரும்பும் பையின் எடையையும் உடல் எடையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பழகும் முறைக்கும் சில சொற்கள். ஒரு காலில் மட்டும் வலி என்றால் கைத்தடியை மறு பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கமே பிடிப்பது நம்மிடையே பரவலான வழக்கம், பயனற்றது. ரோலேட்டரில் அமருமுன் இரு பிரேக்குகளையும் கீழே அழுத்திப் பூட்டி, முடிந்தால் சுவரோரம் நிறுத்தி, இருக்கை காலில் படும்வரை பின்னால் நகர்ந்து, பிறகே அமர வேண்டும். அமர்ந்திருப்பவரை அதில் வைத்துத் தள்ளிச் செல்லவே கூடாது. அது சக்கர நாற்காலி அன்று. முக்காலிக் கோலைச் சரிவில் விரிக்காதீர்கள். பத்தடி நடந்தாலும் ஒரு சமமான இடம் கிடைத்தபின் விரியுங்கள். மழையில் ஊறிய மண்ணில் ஒரு கால் மட்டும் புதையும் என்பதால் கல்தளமோ சிமெண்டுத் தரையோ மேலானது.

இனிச் செலவு. முக்காலிக் கோல் ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. ரோலேட்டருக்குப் பல ஆயிரங்கள் ஆகும். ஆனால் தகுதியுள்ளவர்கள் விலை கொடுக்கத் தேவையில்லை என்பது நம் பகுதியில் போதிய அளவு தெரியவில்லை. மத்திய அரசின் ‘ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா’ 2017 ஏப்ரல் 1 அன்று நெல்லூரில் தொடங்கிவைக்கப்பட்டது. அறுபது வயது நிறைந்து, வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களும் மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களும் முதுமையால் வந்த குறைபாட்டுக்கான கருவிகளை இதன்கீழ் இலவசமாகப் பெறலாம். தொடக்கத்தில் கைத்தடி, வாக்கர், கண்ணாடி, செவிக்கருவி, செயற்கைப் பல் முதலியவை மட்டுமே இருந்தன. பின்னர் பிரேக் உள்ள ரோலேட்டரும் இருக்கையுடைய கைத்தடியும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான அலிம்கோ முகாம் நடத்தி, ஒவ்வொருவரையும் பரிசோதித்து, பின்னர் கருவிகளை வழங்குகிறது. ஓராண்டு இலவசப் பராமரிப்பும் உண்டு. முகாம் எப்போது என்பதை மாவட்டச் சமூகநீதி அலுவலகத்திலும் ஊராட்சியிலும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆதார் அட்டையும் வருமானச் சான்றும் கையில் இருக்கட்டும்.

இத்திட்டத்துக்கான பணம் வரும் வழி, வங்கியில் பணிபுரிபவனாகிய என்னைச் சிந்திக்க வைத்தது. 2015ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின்வழி அமைந்த மூத்த குடிமக்கள் நல நிதியே அதன் ஊற்று. சிறுசேமிப்பு, பொது வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி முதலிய கணக்குகளில் நெடுங்காலம் எவரும் உரிமை கோராது கிடக்கும் தொகை அந்நிதிக்குச் செல்கிறது. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியபோது பழைய கணக்கை மறந்தவர்கள், பெயரில் ஓர் எழுத்து மாறியதால் தொகையைப் பெறாமல் போனவர்கள், வாரிசு நியமிக்காமல் மறைந்தவர்கள் நம் மலையில் இல்லாமலில்லை. அப்படிப்பட்டவர் ஒருவரின் சேமிப்பே இன்னொரு முதியவரின் கைத்தடியாகியிருக்கலாம். நல்ல காரியந்தான். எனினும் அந்தப் பணம் முதலில் உரியவருக்கு அல்லவா சேர வேண்டும்? ஆகவே கருவிக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே பழைய வருங்கால வைப்பு நிதிக் கணக்குகளையும் விசாரித்துவிடுங்கள். பத்தாண்டுகள் உரிமை கோரப்படாத வங்கி வைப்புகள் வேறொரு நிதிக்கு, ரிசர்வ் வங்கியிடம் செல்கின்றன. அவற்றைத் தேட 2023 முதல் ‘உத்கம்’ என்னும் இணையத்தளம் உள்ளது. கிளையில் கேட்டால் தேடித் தருவார்கள்.

மற்றொன்று. வரிசையில் நிற்க இயலாமல்தான் இருக்கைக் கோல் வாங்குகிறேன் என்று எவரும் சொல்லும் நிலை வங்கியில் இருக்கலாகாது. 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி இட்ட ஆணைப்படி மூத்த குடிமக்களுக்குத் தனி முகப்போ முன்னுரிமை தரும் முகப்போ இருக்க வேண்டும். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே கொண்டு செல்ல வங்கிகள் முயல வேண்டும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் பென்ஷன் பெறும் தோட்டத் தொழிலாளர்கள் ஆயுள் சான்றை நவம்பரில்தான் தர வேண்டும் என்பதில்லை. ஆண்டில் எந்த மாதம் தந்தாலும் அன்றிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். மழையும் மூடுபனியும் விலகிய ஒரு மாதத்தைத் தேர்ந்துகொள்ளலாம். கைப்பேசியில் முகத்தைப் படம்பிடித்தே சான்று அனுப்பும் வசதியும் 2021 முதல் உள்ளது. பேரப்பிள்ளை ஒருவர் உடனிருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே வேலை முடிந்துவிடும்.

வாங்கிய பின் மாதம் ஒருமுறை கோலைத் தலைகீழாகப் பிடித்து அடியிலுள்ள ரப்பர் புஷ்களைப் பாருங்கள். புதிதில் அவற்றில் வளையம் வளையமாக வரிகள் தெரியும். கல்லிலும் மண்ணிலும் உரசும் நம் பாதைகளில் அவ்வரிகள் விரைவில் மழுங்கிவிடும். அதன்பின் ஈரத் தரையில் கோல் வழுக்கும். புஷ்ஷின் விலை மிகச் சிறிது. கட்டப்பனையிலோ குமுளியிலோ மருத்துவ உபகரணக் கடையில் பழைய புஷ்ஷைக் காட்டி அதே அளவில் ஒரு சோடி கூடுதலாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.