வானூர்தியில் ஒரு காவற்பணி

வானூர்திப் பயணம் இன்று நம்மவர்க்குப் புதிதன்று. வளைகுடா நாடுகளுக்குப் பொருள்தேடச் செல்வோரும் ஹஜ் கடமைக்குச் செல்வோரும் ஊர்தோறும் உளர். ஆயினும், வாயிலில் நின்று வரவேற்று, உணவும் நீரும் தந்து உபசரிப்போரை 'விமானப் பணிப்பெண்' என்று குறிப்பிடுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அச்சொல் அவர்தம் கடமையின் சிறுபகுதியையே சுட்டுகிறது என்பது நம் கருத்து. ஆடவரும் இப்பணியில் உள்ளமையால் அது முழுதும் பொருந்துவதுமில்லை.

1930 மே 15 அன்று எல்லன் சர்ச் என்னும் அமெரிக்கச் செவிலியர், போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவன விமானத்தில் முதற் பணிப்பெண்ணாகப் பறந்தார். விமானம் ஓட்டக் கற்றிருந்தும் அவரை விமானியாக ஏற்க நிறுவனம் முன்வரவில்லை. செவிலியர் உடனிருந்தால் பறக்க அஞ்சுவோர்க்குத் துணிவு பிறக்கும் என்ற அவரது யோசனையை மட்டும் ஏற்றது. ஆகப் பெண்கள் இப்பணிக்கு வந்ததே காப்பினை முன்னிட்டுத்தான்.

இன்றைய விதிகளும் இதனையே வற்புறுத்துகின்றன. 50 இருக்கைகளுக்கு ஒரு பணியாளரேனும் இருத்தல் வேண்டும் என்பது பல நாடுகளின் நடைமுறை. 44 இருக்கைகளுக்கு மேற்பட்ட புதுவகை விமானம் சான்று பெற வேண்டுமாயின், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 நொடிகளில் அனைவரும் வெளியேற இயலும் என மெய்ப்பித்தல் வேண்டும். மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கவே நம்மில் பலர்க்கு அந்நேரம் போதாது!

உபசரிப்பும் காவலும் வேறுவேறு அல்ல. வாயிலில் முகமன் கூறுங்கால் பணியாளர் நம்மை நோக்குகின்றனர்: நடக்க இயலாதவர் எவர், உடல் நலிந்தவர் எவர், இடர் நேரின் கதவருகே உதவத்தக்க உரம் உடையவர் எவர் என்று. உணவு வழங்கச் செல்லும்போதும் அவர்தம் கண் ஓய்வதில்லை.

1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் பான் ஆம் 73 விமானம் கடத்தப்பட்டபோது, நீர்ஜா பானோட் பயணிகளைத் தப்புவிக்க முயன்று தம் உயிரை ஈந்தார். வயது 22. இந்திய அரசு அசோகச் சக்கர விருதளித்துச் சிறப்பித்தது.

அண்மை நிகழ்ச்சியொன்று விரித்துரைக்கத் தக்கது. 2024 சனவரி 2 அன்று தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 516 விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவற்படை விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. சிறு விமானத்திலிருந்த அறுவருள் ஐவர் மாண்டனர். பெரிய விமானத்தில் பயணிகள் 367 பேர், பணிக்குழுவினர் 12 பேர். அறைக்குள் புகை சூழ்ந்தது. ஒலிபெருக்கி அமைப்பும் உள்தொலைபேசியும் பழுதாயின. கையொலிபெருக்கியாலும் குரலாலும் பணியாளர் ஆணையிட்டனர். எட்டுக் கதவுகளுள் மூன்றே தீயின்றி இருந்தன. பின்புறக் கதவருகிலிருந்த பணியாளர்க்கு விமானியின் கட்டளை எட்டவில்லை. எனினும் அவர் சன்னல் வழியே நெருப்பின் நிலையைக் கணித்துத் தாமே முடிவெடுத்துக் கதவைத் திறந்தார். தவறான கதவு திறக்கப்பட்டிருப்பின் தீ உள்ளே பாய்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இத்துணைத் தெளிவு ஒருநாளில் வந்ததன்று. 1985 ஆகஸ்ட் 12 அன்று இதே நிறுவனத்தின் 123 எண் விமானம் மலையில் வீழ்ந்து 520 பேர் மாண்டனர். அதன் சிதைவுகளை நிறுவனம் 2006 முதல் ஹனேடா அருகே காட்சிக்கு வைத்துத் தன் ஊழியர்க்குப் பாடம் புகட்டி வருகின்றது.

பயணிகளையும் பாராட்டியாதல் வேண்டும். பைகளை விட்டுவிடுக என்ற சொல்லுக்குப் பெரும்பாலோர் பணிந்தனர். நம் விமானங்களிலோ, பாதுகாப்பு விளக்கம் நிகழும்போது கைப்பேசியில் பேசுவோரையும், சக்கரம் நிற்குமுன்பே எழுந்து பெட்டி எடுப்போரையும் காண்கிறோம். அம்மாலை ஹனேடாவில் 379 பேரும் உயிருடன் வெளியேறினர். எரியும் அறையில் எவரும் எஞ்சவில்லை என்று தேடிப்பார்த்த பின்னரே தலைமை விமானி இறுதியாக இறங்கினார்.