குத்து விட்ட பாஸ்டர்!

ஆபீசில் மாதம் ஒரு தடவையாவது ஒரு பிரவுன் கவர் டேபிள் டேபிளாக வரும். அனாதை இல்லத்துக்கு, வெள்ள நிவாரணத்துக்கு, இன்னும் எதற்கோ. தூரத்தில் கவரைப் பார்த்ததுமே நம்மில் பலருக்குத் திடீரென்று டீ குடிக்கத் தோன்றும்!

கொடுக்கிற நமக்கே இப்படி என்றால், கவரை நீட்டுகிற ஆளுக்கு எப்படி இருக்கும்? என்னதான் நல்ல காரியம் என்றாலும் கை நீட்டும்போது கொஞ்சம் கூசத்தானே செய்யும்? அந்தக் கூச்சம் தாங்காமல், 38 வயதில் மறுபடி கிளவுஸை மாட்டிக்கொண்டு குத்துச்சண்டைக்குப் போனார் ஒரு பாஸ்டர். பெயர், ஜார்ஜ் ஃபோர்மேன்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், 'ஐந்தாவது வார்டு' என்கிற ஏழைப் பேட்டையில் வளர்ந்தவர். சின்ன வயதில் வழிப்பறி செய்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். படிப்பை விட்ட பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் அரசாங்கத் திட்டம் ஒன்று அவரை இழுத்துப் பிடித்தது. குத்துச்சண்டை பழகியது அங்கேதான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் தங்கம். 1973-ல் ஜோ ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளி, உலக ஹெவிவெயிட் பட்டம்.

அப்போதைய ஃபோர்மேனிடம் சிரிப்பு என்பதே கிடையாது. பேட்டி எடுக்கப் போனால் முறைப்பார். 1974-ல் ஜைரேயில் முகமது அலியிடம் எட்டாவது ரவுண்டில் விழுந்தார் பாருங்கள்... கோபம் இன்னும் ஏறியது.

பிறகு வந்தது 1977, மார்ச் 17. போர்ட்டோ ரிக்கோவில் ஜிம்மி யங்கிடம் தோல்வி. டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்தவருக்கு, 'செத்துக்கொண்டிருக்கிறோம்' என்று தோன்றியிருக்கிறது. தன் கையிலும் நெற்றியிலும் ரத்தத்தைக் கண்டதாகவும், இயேசு தனக்குள் உயிர்த்தெழுகிறார் என்று கத்தியதாகவும் பின்னால் சொன்னார். டாக்டர்கள் கணக்கில் அது வெக்கையால் வந்த கோளாறு.

டாக்டர் சொன்னது சரியா, அவர் சொன்னது சரியா? எனக்குப் பஞ்சாயத்து பண்ணத் தெரியாது. நான் பார்ப்பது அதற்கப்புறம் நடந்ததைத்தான். 28 வயதில் சண்டையை விட்டார். தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்தார். ஹூஸ்டனில் ஒரு சின்ன சர்ச்சுக்கு பாஸ்டர் ஆனார். 1984-ல் பேட்டைப் பையன்களுக்காக ஓர் இளைஞர் மையம் தொடங்கினார். தன்னை ஒரு காலத்தில் இழுத்துப் பிடித்தது போல, இன்னொரு பையனையும் யாராவது பிடிக்க வேண்டும் அல்லவா?

மையத்துக்குப் பணம் வேண்டுமே! சேர்த்து வைத்தது கரைந்தது. ஒரு சர்ச்சில் பேசப் போனபோது, அவருக்காகக் காணிக்கை கேட்டுக் கெஞ்சியிருக்கிறார்கள். கூனிக் குறுகிப் போனாராம் மனுஷர். இனி யாரிடமும் கேட்பதில்லை, தெரிந்த தொழிலைச் செய்து சம்பாதிப்போம் என்று முடிவெடுத்தார். 1987-ல், பத்து வருஷ இடைவெளிக்குப் பிறகு, தொப்பையும் மொட்டைத் தலையுமாக ரிங்கில் ஏறினார்.

உலகம் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்! 'ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயோடு கிடக்கிற ஆளுங்களோடுதான் மோதுகிறார்' என்று கிண்டல் செய்தபோது, 'குழாயை எடுத்து சில நாளாவது ஆனவர்களோடுதான் மோதுகிறேன்' என்கிற மாதிரி பதில் சொன்னார். 1991-ல் ஹோலிஃபீல்டிடம் 12 ரவுண்டும் நின்று, பாயிண்டில் தோற்றார்.

1994, நவம்பர் 5. லாஸ் வேகாஸ். எதிரே 26 வயது சாம்பியன் மைக்கேல் மூரர். இவருக்கு 45. போட்டிருந்தது, அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசர். ஆலோசனை சொல்ல நின்றவர், அன்று அலிக்குப் பயிற்சியாளராக நின்ற அதே ஏஞ்சலோ டண்டி! ஒன்பது ரவுண்டு வரை மூரர்தான் முன்னணி. பத்தாவதில் ஒரு வலது கை... மூரர் மல்லாந்தார். ஃபோர்மேன் குதிக்கவில்லை, மூலையில் மண்டியிட்டு ஜெபம் செய்தார்.

"மறு கன்னத்தைக் காட்டச் சொல்கிற மதத்தில் இருந்துகொண்டு, அடுத்தவன் கன்னத்தைப் பெயர்க்கலாமா?" என்று என் பக்கத்து சீட் நண்பர் மடக்கினார். நியாயமான கேள்விதான். என் பதில் இது: முதல் முறை சாம்பியன் ஆனபோது அவரிடம் கோபம் இருந்தது. இரண்டாம் முறை ஆனபோது கோபம் இல்லை, காரணம் இருந்தது. தன்னைத் தோற்கடித்த அலியோடு கடைசிவரை நட்பாக இருந்தார். இது போதாதா?

அப்புறம் பணத்துக்குக் குறைவில்லை. அவர் பெயரில் வந்த இறைச்சி வாட்டும் கிரில் அமோகமாக விற்க, அந்தப் பெயருக்காகவே 1999-ல் கம்பெனி சுமார் 13 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்தது. பெயர் மேல் அவருக்கும் ஆசைதான்... ஐந்து மகன்களுக்கும் ஜார்ஜ் என்றே வைத்தார்! அந்த வீட்டு வாசலில் நின்று "ஜார்ஜ்" என்று கூப்பிட்டால் என்ன ஆகியிருக்கும்?

2025 மார்ச் 21-ல், 76 வயதில் காலமானார். பட்டம், கிரில் எல்லாம் வந்த பிறகும் அவர் விடாமல் செய்த வேலை ஒன்று உண்டு. ஹூஸ்டனில் அந்தச் சின்ன சர்ச்சில் ஏறி நின்று, பிரசங்கம் செய்வது.