அயல் நாட்டில் வேலை தேடலும் அணு உலை அச்சமும்

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். மாதுங்காவிலும் செம்பூரிலும் நம் முன்னோர் குடியேறிய காலத்தில், வேலை இழந்தவர் உறவினர் வீட்டுத் திண்ணையில் சில திங்கள் தங்கி வேறு வேலை தேடிக்கொள்வர். இன்று நம் பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றனர். அங்கு வேலையோடு தங்கும் உரிமையும் பிணைந்திருக்கிறது. வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை. நாளடைவில் நிற்கும் நிலமே போய்விடுகிறது. அத்தகைய வேளையில் பக்கத்து மாநிலத்தில் அணு உலை வெடித்தால் ஒருவர் என் செய்வார்? 2011-ஆம் ஆண்டு ஜப்பானில் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு இச்சோதனை நேர்ந்தது. பெயர் வேண்டா என்று அவர்கள் கேட்டுக்கொண்டபடி, நிகழ்ந்ததை மட்டும் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

தோக்கியோ நகரின் எடோகாவா வட்டத்தில் நிஷி-கசாய் என்றொரு பகுதி உண்டு. கணிப்பொறித் துறையில் பணிபுரியும் இந்தியர் பலர் அங்குக் குடும்பத்தோடு வாழ்கின்றனர். நம் அன்பரின் மகனும் அங்கேதான் இருந்தார். அவருடைய ஒப்பந்தம் அவ்வாண்டு மார்ச்சு இறுதியோடு முடிவதாக இருந்தது. தங்கும் அனுமதியோ ஜூன் வரைதான். ஜப்பானில் அலுவலக ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்குகிறது. புதியவர்களைப் பணியில் சேர்ப்பதும், பழையவர்களை இடம் மாற்றுவதும் அந்நாளை ஒட்டியே நடைபெறும். எனவே மார்ச்சு மாதம் வேலை தேடுவோர்க்கு அறுவடைக் காலம். யோகோஹாமாவில் உள்ள ஒரு நிறுவனம் 16-ஆம் தேதி அவரை நேர்முகப் பேட்டிக்கு அழைத்திருந்தது.

மார்ச்சு 11, வெள்ளிக்கிழமை. அங்குப் பிற்பகல் 2.46, நமக்கு முற்பகல் 11.16. 9 என்ற அளவில் மதிக்கப்பட்ட நில நடுக்கம் வடகிழக்குக் கடற்கரையை உலுக்கியது. தோக்கியோவில் மின்சார ரயில்கள் நின்றன. வேலை வாய்ப்பு முகவர் ஒருவரைக் காண ஷின்ஜுகு சென்றிருந்த நம் இளைஞர், நான்கு மணி நேரத்துக்கு மேல் நடந்து வீடு சேர்ந்தார். தொலைபேசி கிடைக்கவில்லை. "நலம்" என்று அவர் அனுப்பிய மின்னஞ்சல் மாதுங்காவை அடையும் வரை அன்னையார் அடுப்பு மூட்டவில்லை.

ஆயின் அச்சத்தின் பெரும்பகுதி அதன் பின்னரே வந்தது. தோக்கியோவுக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர் வடகிழக்கில் புகுஷிமா தாயிச்சி அணு மின் நிலையம் உள்ளது. நிலம் நடுங்கியதும் அங்கு இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமே நின்றுவிட்டன. ஆனால் விறகை இழுத்த பின்னும் அடுப்பில் தணல் கனல்வது போல, நின்ற உலையின் எரிபொருளும் நெடுநாள் வெப்பத்தை உமிழும். அதனைத் தணிக்க நீர் பாய்ச்ச வேண்டும். நீர் பாய்ச்ச மின்சாரம் வேண்டும். வெளி மின்சாரம் அறுந்தது. துணைக்கு நின்ற டீசல் இயந்திரங்களைச் சுமார் ஐம்பது நிமிடங்களில் வந்த ஆழிப்பேரலை மூழ்கடித்தது. எரிபொருள் உருகியது. அதன் உலோக உறையும் நீராவியும் கலந்து ஹைட்ரஜன் வாயு பிறந்தது. 12-ஆம் தேதி முதல் உலைக் கட்டடமும், 14-ஆம் தேதி மூன்றாம் உலைக் கட்டடமும், 15-ஆம் தேதி நான்காம் உலைக் கட்டடமும் வெடித்தன.

அவ்வெடிப்புகளை உலகெங்கும் தொலைக்காட்சியில் கண்டனர். மாதுங்கா வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. சேலத்திலிருந்து சித்தப்பா, திருச்சியிலிருந்து அத்தை, ஜாம்ஷெட்பூரிலிருந்து மாமா என எல்லோரும் கேட்டது ஒன்றே: "பிள்ளையை ஏன் இன்னும் அங்கு விட்டு வைத்திருக்கிறீர்கள்?" அன்னையார் மகனிடம், "வேலை எங்கும் கிடைக்கும், கண்ணா, நீ வந்துவிடு" என்றார். மகனோ, "இப்போது புறப்பட்டால் திரும்பி வர வழி இருக்காது, அம்மா" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அன்றைய ஜப்பானியச் சட்டப்படி, அயல் நாட்டார் மறுநுழைவு அனுமதி பெறாமல் நாட்டை விட்டு வெளியேறினால் தங்கும் உரிமையை இழப்பர். ஒரு முறைக்கான அனுமதிக்கு 3,000 யென். பன்முறைக்கு 6,000 யென். அதனைப் பெறத் தோக்கியோவின் ஷினகாவா குடியேற்ற அலுவலகத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். பேரிடரை அடுத்த நான்கு வாரங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அயல் நாட்டார் ஜப்பானை விட்டுச் சென்றனர். அவர்களில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் மறுநுழைவு அனுமதியுடன் சென்றவர்கள். திரும்பும் எண்ணத்தோடு புறப்பட்டவர்கள் என்று கொள்ளலாம்.

இல்லத்தரசர்களும் முதியோரும் அந்நாட்களில் குழம்பியதில் வியப்பில்லை. அரசுகளே வெவ்வேறு அளவு கூறின. ஜப்பானிய அரசு உலையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் இருந்தோரை வெளியேற்றியது; 30 கிலோமீட்டர் வரை இருந்தோரை வீட்டினுள் இருக்கச் சொன்னது. அமெரிக்க அரசு தன் குடிகளை 80 கிலோமீட்டருக்கு அப்பால் செல்லுமாறு அறிவுறுத்தியது. சில தூதரகங்கள் ஒசாக்காவுக்கு இடம் பெயர்ந்தன. பிரித்தானிய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் ஜான் பெடிங்டனோ, தோக்கியோவை விட்டு வெளியேறத் தேவையில்லை என்றார். கடலுக்கு அப்பால் சீனத்தில் மக்கள் அயோடின் கலந்த உப்பை மூட்டையாக வாங்கிக் குவித்தனர்.

நம் இளைஞர் இரண்டு காரியங்கள் செய்தார். முதலில் ஷினகாவா சென்று, ஒரு பகல் முழுதும் நின்று பன்முறை அனுமதியைப் பெற்றார். போவதற்கும் வருவதற்கும் கதவைத் திறந்து வைத்துக்கொண்ட பின்னரே, போவதா இருப்பதா என்று சிந்திக்கத் தொடங்கினார். அடுத்து, பேட்டிக்கு அழைத்த நிறுவனத்தைக் கேட்டார். பேட்டி 24-ஆம் தேதிக்கு ஒத்தி வைக்கப்பட்டது, கைவிடப்படவில்லை. "அதுவரை இருப்பேன், அப்பா, அதற்குள் தோக்கியோ மக்களை வெளியேறச் சொன்னால் அன்றே கிளம்பிவிடுவேன்" என்று தந்தையாருக்கு வாக்களித்தார். வாக்கு தெளிவாக இருந்தமையால் மாதுங்கா வீட்டில் ஓரளவு உறக்கம் வந்தது.

அவருடைய அண்டை வீட்டில் ஐந்து மாதக் குழந்தையுடன் ஒரு தமிழ்த் தம்பதியர் இருந்தனர். கணவருக்கு நிலையான வேலை உண்டு. எனினும் அவர்கள் சென்னைக்கு விமானம் ஏறினர். வேலை உள்ளவர் போனார். வேலை இல்லாதவர் நின்றார். இது விந்தையாகத் தோன்றலாம். சில நாட்களில் குடிநீர் அதன் பொருளை விளக்கியது. 22-ஆம் தேதி தோக்கியோவின் கனமாச்சி நீர் நிலையத்தில் எடுத்த நீரில், ஒரு கிலோகிராமுக்கு 210 பெக்கரல் கதிரியக்க அயோடின் இருந்தது. பெரியவர்களுக்கு விதித்த எல்லை 300, கைக்குழந்தைகளுக்கு 100. மறுநாள் செய்தி வெளியானதும் கடைகளில் போத்தல் நீர் மறைந்தது. மாநகராட்சி கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போத்தல் நீர் வழங்கியது. 24-ஆம் தேதி அளவு குறைந்து தடை நீங்கியது. ஒரே குழாய் நீர்; ஒரே எண். நம் இளைஞருக்கு அது எல்லைக்கு உட்பட்டது. அண்டை வீட்டுக் குழந்தைக்கோ எல்லையைப் போல் இரு மடங்கு. ஆகவே அளவு என்ன என்று கேட்பதோடு, யாருக்கு என்றும் கேட்க வேண்டும்.

24-ஆம் தேதி அவர் யோகோஹாமாவுக்குப் புறப்பட்டார். முறைவைத்து மின்சாரம் நிறுத்தப்பட்ட காலம் அது, ரயில்கள் குறைக்கப்பட்டிருந்தன. இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பினார். பேட்டி அறையில் பாதி விளக்குகளே எரிந்தன. அலுவலர் கேட்ட முதல் வினா தொழிலைப் பற்றியதன்று. "உம் பெற்றோர் என்ன சொல்கின்றனர்?" என்று கேட்டார். "நாள்தோறும் வரச் சொல்கின்றனர்" என்று இவர் மறைக்காமல் கூறினார். அலுவலர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், தம் பெற்றோர் மியாகி மாநிலக் கடற்கரையில் இருப்பவர் என்றும், அவர்களைக் கண்டுபிடிக்க ஆறு நாள் ஆயிற்று என்றும் சொன்னார். "அவர்கள் ஊரை விட்டு வர மறுக்கின்றனர்" என்றார்.

அச்சொற்கள் தம்மை நெடுநேரம் வாட்டின என்று நம் இளைஞர் கூறுகிறார். தமக்கு இடரின் முடிவு ஒரு விமானச் சீட்டு. எதிரே இருந்தவருக்கு அஃது இல்லை. புகுஷிமா மாநிலத்தில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு துறந்தனர். உலைக்கு அருகிலிருந்த புதாபா நகரத்தார் பலர் தம் நகராட்சி அலுவலகத்தோடு சைத்தாமா மாநிலம் சென்று, மூடிக் கிடந்த ஒரு பள்ளிக் கட்டடத்தில் தங்கினர். உழவர் நிலம் இழந்தனர். மீனவர் கடல் இழந்தனர். சொந்த நாட்டிலேயே அவர்கள் வேலை தேடும் அயலாராயினர்.

வேலை நம் இளைஞருக்குக் கிடைத்தது. ஆனால் ஏப்ரலில் அன்று, மே நடுவில். அதுவும், நாடு திரும்பிவிட்ட மற்றோர் அயல் நாட்டுப் பொறியாளர் விட்ட இடம். இதனை அவர் பெருமையாகச் சொல்வதில்லை. அக்காலத்தில் சென்றவர்களை ஓடிப் போனவர் என்று எள்ளும் பேச்சு அங்கு எழுந்தது. அப்பேச்சில் தாம் கலந்துகொள்ளவில்லை என்கிறார். அது நேர்மையான நிலை என்றே நாம் கருதுகிறோம். விபத்து ஏப்ரல் 12 அன்று, 1986-இன் செர்னோபிலுக்கு இணையான ஏழாம் நிலை என்று அறிவிக்கப்பட்டது. அரசின் வேண்டுகோளுக்கிணங்க அணுசக்தி ஆணையத் தலைவர் கோண்டோ ஷுன்சுகே மார்ச்சு 25-இல் வரைந்த மிக மோசமான நிலைக்கான கணிப்பில், 250 கிலோமீட்டர் வரை உள்ளோர் விரும்பினால் வெளியேற இடமளிக்கும் நிலையும் கருதப்பட்டிருந்தது. அவ்வட்டத்தில் தோக்கியோவும் அடங்கும். அந்நிலை வரவில்லை, ஆனால் வரக்கூடும் என்று அறிந்தோர் எண்ணியிருந்தனர். எனவே போனவரைக் கோழை என்பதும் பிழை. இருந்தவரை மூடர் என்பதும் பிழை.

அயல் நாட்டார் வெளியேறிக்கொண்டிருந்த அதே மார்ச்சு இறுதியில், நம் நாட்டுத் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் 46 பேர் மியாகியின் ஒனகாவா சென்று, இடிபாடுகளில் இறந்தோரைத் தேடும் பணியில் ஈடுபட்டனர் என்பதையும் நன்றியோடு நினைக்கிறோம்.

இந்நிகழ்ச்சி நமக்குத் தொலைவில் உள்ளதன்று. மும்பைக்கு வடக்கே நூறு கிலோமீட்டர் அளவில் உள்ள தாராப்பூரில் 1969-இல் இயங்கத் தொடங்கிய முதல் இரு உலைகளும், புகுஷிமாவின் முதல் உலையைப் போலவே கொதிநீர் உலை இனத்தவை. துராம்பேயிலும் கல்பாக்கத்திலும் நம் உறவினர் பணிபுரிகின்றனர். அச்சுறுத்துவதற்காக இதனைச் சொல்லவில்லை. ஆயத்தமாக இருப்பதற்காகச் சொல்கிறோம்.

அயல் நாட்டில் பிள்ளைகள் உள்ள குடும்பத்தார்க்கு அந்த அன்பரும் நாமும் சேர்ந்து கூற விரும்புவன சில உண்டு. தங்கும் அனுமதி, மறுநுழைவு ஆகியவற்றின் விதிகளை நல்ல நாளிலேயே அறிந்து வைத்திருக்கட்டும். ஜப்பானில் 2012 ஜூலையில் வந்த ஏற்பாட்டின்படி, தங்கும் உரிமை உள்ளோர் ஓராண்டுக்குள் திரும்புவதாகத் தெரிவித்துச் சென்றால் முன் அனுமதி பெற வேண்டியதில்லை. ஆனால் வேலை விட்டதைப் பதினான்கு நாட்களுக்குள் குடியேற்ற அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். தக்க காரணமின்றி மூன்று திங்கள் பணியற்றிருந்தால் உரிமை பறிபோகலாம். இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்து வைக்கட்டும். ஒரு விமானச் சீட்டுக்கும் மூன்று திங்கள் வாடகைக்குமான பணத்தைத் தொடாமல் வைத்திருக்கட்டும். அப்பணம் கையில் இல்லாதவருக்கு, போவதா இருப்பதா என்பதைப் பிறர் முடிவு செய்வர்.

வீட்டில் இருப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. இருபது பேர் இருபது முறை அழைப்பதை விட்டு, ஒருவர் அழைத்து மற்றவர்க்குச் சொல்லட்டும். "வந்துவிடு" என்று மட்டும் சொல்லாமல், "எந்த நிலை வந்தால் வருவாய்?" என்று கேட்கட்டும். மாதுங்கா வீட்டில் அன்று தந்தையார் கேட்டது அதுவே. மகன் அதற்கு விடை சொல்லிய இரவில்தான் அன்னையார் ஐந்து நாட்களுக்குப் பின் முழு உணவு உண்டார் என்று அந்த அன்பர் நம்மிடம் கூறினார்.