மறக்கும் முன்பே கேட்கும் பெட்டி

பொதுத்தேர்வு நெருங்கினால் நம் பிள்ளைகளில் பலர் செய்வது ஒன்றுதான்: அதே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகளெல்லாம் பழகிய முகங்களாகத் தெரியும். படித்துவிட்டோம் என்ற நம்பிக்கையும் வந்துவிடும். புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொன்னால்தான் கை நிற்கும்.

இதற்கு எளிய வழியொன்றை அறிவியல் பத்திரிகையாளர் செபாஸ்தியான் லைட்னர், 1972-இல் வெளிவந்த தன் ஜெர்மன் நூலில் விளக்கினார். நீளமான ஒரு பெட்டி, அதில் ஐந்து அறைகள், ஒரு கட்டு அட்டைகள். கருவி அவ்வளவுதான்.

அட்டையின் முன்பக்கம் ஒரே ஒரு கேள்வி: ‘லென்சின் திறனுக்கு அலகு என்ன?’ பின்பக்கம்: ‘டையாப்டர்’. விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும். சரியாகச் சொன்னால் அது அடுத்த அறைக்குப் போகும். தவறினால், நான்காம் அறையில் இருந்த அட்டையும் முதல் அறைக்கே திரும்பிவிடும். லைட்னர் நாள்கணக்கு வைக்கவில்லை. அறைகளை ஒன்றைவிட ஒன்று பெரிதாக அமைத்தார். அறை நிரம்பினால்தான் அதிலுள்ள அட்டைகளை எடுத்துக் கேட்க வேண்டும். பெரிய அறை நிரம்ப நாளாகும் என்பதால், நன்றாகத் தெரிந்த கேள்வி தாமதமாகவும் தடுமாறும் கேள்வி அடிக்கடியும் வரும். இந்த அமைப்பின் அழகே இதுதான்.

இந்தப் பெட்டி ஏன் பலன் தருகிறது? கற்றது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறந்துபோகிறது, பிறகு மறதி மெதுவாகிறது என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் எழுதினார். நினைவுகூரும் முயற்சியின் பலனை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் காட்டினார்கள். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

வரையறை, சூத்திரம், ஆண்டு, சொற்பொருள் போன்றவற்றுக்குத்தான் இந்தப் பெட்டி பொருந்தும். கணக்கைத் தாளில் போட்டுத்தான் பழக வேண்டும். புரியாத பாடத்தை அட்டையில் ஏற்றுவதிலும் பயனில்லை. முதலில் ஆசிரியரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பழைய செருப்புப் பெட்டியும் அட்டையளவில் வெட்டிய வெற்றுத் தாள்களும் போதும். இன்று நடந்த பாடத்திலிருந்து பத்து கேள்விகளை இன்றிரவே எழுதிப் போடுங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் தொடங்கினால், பெரிய அறைகளுக்கு வேலையே இருக்காது.