பெட்டி அடுக்கும் இலக்கணம்

ஒரு சொல்லை நான்கு முறைக்கு மேல் அடுக்க நன்னூலார் இடந்தரவில்லை. சென்ற விடுமுறையில் நெடுந்தீவில் இருநாள் தங்குதற்கு என் வீட்டாரோ ஆளுக்கு ஆறு உடை அடுக்கினர். நானும் இரு நிகண்டுகளைச் செருகினேன். இளைய மகன் ஏறி அமர்ந்த பின்னரே பெட்டி பூட்டுண்டது.

ஊர்காவற்றுறையிலிருந்து குறிகட்டுவான் துறைவரை தரைவழி; அப்பால் படகு. நடுக்கடலில் அன்னையாருக்கு மூச்சிரைப்பு எழுந்தது. மருந்தோ பெட்டியின் அடியில். பெட்டியோ பிறர் மூட்டைகளின் கீழ். இளைஞர் இருவர் மூட்டைகளைப் புரட்டி அதனை வெளியே இழுத்தனர். திறந்த பெட்டிக்குள் உப்புநீர் தெறித்தது. மருந்து கைக்கு வருமுன் அன்னையாரின் உதடு நீலம் பாரித்துவிட்டது. என் பிழையன்றி வேறென்ன?

அருகிருந்த நெடுந்தீவு மூதாட்டியின் மடியில் ஒரு பனையோலை உமல். தண்ணீர், மாற்றுச்சேலை, வெற்றிலை, அவ்வளவே. எதனையும் அவர் தேடவில்லை.

ஒல்லாந்தர் கோட்டையையும் பெருக்கமரத்தையும் கண்டு மீள்கையில் பெட்டியை நானே அடுக்கினேன். கனத்த நூல்கள் அடியில், உடைகள் சுருட்டியபடி இடுக்குகளில், ஈரத்துணி தனிப்பையில். கடலில் வேண்டுவன யாவும் புதிதாக வாங்கிய உமலில். அதனை அன்னையார் எவர் கையிலும் கொடுக்கவில்லை.