கைப்பைக்குள் காவல்: எது செல்லும், எது வம்பில் மாட்டிவிடும்?

இரவு ஒன்பதரைக்குச் சென்னை அசோக் நகர் மெட்ரோவில் இறங்கி, நூறடி ரோட்டு வெளிச்சத்தை விட்டு அவென்யூக்களுக்குள் திரும்பும் பெண்ணின் கைப்பையில் பெரும்பாலும் இவை இருக்கும்: லேப்டாப், சார்ஜர், காலி டிபன் பாக்ஸ், குடை. எல்லாவற்றுக்கும் அடியில் எங்கோ ஒரு பெப்பர் ஸ்ப்ரே. சிலர் மிளகாய்ப்பொடிப் பொட்டலம் வைத்திருப்பார்கள், சிலர் மடக்குக் கத்தி. மாநகரப் பேருந்து நெரிசலில் உரசுபவனுக்கு ஊக்கால் பதில் சொன்ன அம்மாக்களின் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆன்லைனில் லிப்ஸ்டிக், சாவிக்கொத்து, பேனா வடிவங்களில் தற்காப்புக் கருவிகள் குவிந்து கிடக்கின்றன.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை இரண்டு. அதைச் சட்டம் அனுமதிக்கிறதா? தேவைப்படும் அந்த ஓரிரு விநாடியில் அது கைக்கு வருமா?

துப்பாக்கி: ஆசையும் உரிமமும்

அமெரிக்காவில் ஆபீஸ் உடைக்குள் துப்பாக்கியை மறைத்துவைக்கவென்றே கைப்பைகளும் இடுப்புப் பட்டைகளும் விற்கிறார்கள். இங்கே ஆயுதச் சட்டம், 1959 குறுக்கே நிற்கிறது. உரிமம் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி வைத்திருந்தாலே, 2019 திருத்தத்தின்படி 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. சென்னை மாநகரில் உரிமம் தரும் அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு, பயிற்சி பெற்றதற்கான சான்று வேண்டும், ஏன் தேவை என்பதையும் விளக்க வேண்டும். ‘இரவில் தனியாக வருகிறேன்’ என்ற ஒரு வரி போதாது.

பெண்களுக்கென்றே ஒரு துப்பாக்கியும் வந்தது. 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற சிறிய ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. எடை சுமார் அரை கிலோ, விலை ஏறத்தாழ 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த விலையும் உரிம நடைமுறையும் மாதச் சம்பளத்தில் ஹாஸ்டல் வாடகை கட்டும் பெண்ணுக்கு எட்டுபவை அல்ல.

உரிமம் கிடைத்தவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஆயுத விதிகள், 2016-ன்படி கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் உறையிலோ பையிலோ முழுக்க மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். எடுத்து வீசிக்காட்டி மிரட்டுவது குற்றம். ‘சும்மா பயமுறுத்தத்தான் எடுத்தேன்’ என்ற பேச்சு எடுபடாது. மின்பாய்ச்சி முடக்கும் டேசர் வகைக் கருவிகளையும் இதே விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ‘லைசென்ஸ் தேவையில்லை’ என்று ஆன்லைன் விற்பனையாளர் எழுதியிருப்பதை நம்பி வாங்கிவிட வேண்டாம்.

கத்தி: அங்குலக் கணக்கு

வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கான கத்திகள் நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத விதிகள் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வாளை உள்ளே மறைத்துவைத்த கைத்தடியும் அதே பட்டியலில்தான். சிறிய பேனாக்கத்தி அந்த அளவை எட்டாது. ஆனாலும் ஆபீஸ் வாசலிலும் விமான நிலையத்திலும் பாதுகாப்புச் சோதனையில் அது பிடிபடும்.

சட்டத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. கத்தி எட்டுவதற்கு எதிராளி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் பயிற்சியில்லாத கையிலிருந்து கத்தி எளிதில் பறிபோகும். பறித்தவனிடம் இப்போது கத்தியும் இருக்கும்.

பெப்பர் ஸ்ப்ரே: உரிமம் வேண்டாம், புத்தி வேண்டும்

இந்தியாவில் பெப்பர் ஸ்ப்ரே வாங்கவோ வைத்திருக்கவோ உரிமம் தேவையில்லை. மிளகாயின் காரச் சத்துதான் அதன் மூலப்பொருள். பட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும், மூச்சு திணறும். ஓடித் தப்பிக்க அந்த அவகாசம் போதும். ஆனால் அடித்துவிட்டு அங்கேயே நின்று வாக்குவாதம் செய்தால் பயனில்லை.

மூடிய இடத்தில் அது யாரையும் விடாது. 2014 பிப்ரவரி 13 அன்று மக்களவைக்குள் ஓர் உறுப்பினர் பெப்பர் ஸ்ப்ரே அடித்தார். இருமலோடு உறுப்பினர்கள் வெளியே ஓடினார்கள், சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய மண்டபத்திலேயே அந்தக் கதி என்றால், ஷேர் ஆட்டோவிலும் கண்ணாடி ஏற்றிய காரிலும் லிஃப்டிலும் அடித்தவருக்கும் அதே எரிச்சல்தான். எதிர்க்காற்றில் அடித்தாலும் அப்படியே. மிளகாய்ப்பொடிக்குக் கூடுதலாக ஒரு குறை உண்டு: நடுங்கும் விரலால் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் நேரம் போய்விடும்.

சட்டச் சிக்கலும் உண்டு. 2024 மே மாதம் கர்நாடக உயர்நீதிமன்றம், தகராறு ஒன்றில் பெப்பர் ஸ்ப்ரே அடித்தவர்கள் மீதான வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தற்காப்பு என்று சொல்ல முடியாது, ஸ்ப்ரேயும் அபாயகரமான ஆயுதமே என்றது. பார்க்கிங் சண்டைக்கும் வாய்த்தகராறுக்கும் அதை எடுத்தால், வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

வேலை நிமித்தம் வெளிநாடு போகிறவர்கள் எடுத்துச் செல்லும் எல்லாப் பைகளிலிருந்தும் அதை முதல் நாளே எடுத்துவிடுங்கள். பிரிட்டனில் அது துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட ஆயுதம். கனடாவில் மனிதர் மீது அடிக்கவென்று செய்த ஸ்ப்ரேயும் தடைசெய்யப்பட்டதே. லண்டனிலோ டொரன்டோவிலோ பையில் அகப்பட்டால், ‘எங்க ஊர்ல கடையிலேயே கிடைக்கும்’ என்ற விளக்கம் உதவாது.

எங்கே வைப்பது?

ஆபீஸ் உடைகளில் பெண்களுக்கு ஒழுங்கான பாக்கெட் கிடையாது. புடவை, குர்த்தி, ஃபார்மல் பேன்ட் எல்லாவற்றிலும் இதே கதைதான். அதனால் எல்லாம் பைக்குள் போகிறது, பையின் அடியில் போய்ச் சேர்கிறது. ஸ்ப்ரே வைத்திருப்பவர்கள் பையின் வெளிப்பக்க ஜிப்பில், வழக்கமாகப் பயன்படுத்தும் கை எட்டும் பக்கத்தில், வேறு எதுவும் வைக்காத அறையில் வையுங்கள். ஸ்ப்ரேயின் பூட்டைப் பார்க்காமலே விரலால் திறக்கப் பழக வேண்டும். துவாரம் எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்தே தெரிய வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள், அழுத்தம் குறைந்த புட்டி பீய்ச்சாமல் ஒழுகும். இருட்டான தெருவில் திரும்பும் முன்பே கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

கழுத்தில் மாட்டிய ஐ.டி. கார்டை ஆபீஸ் வாசலிலேயே கழற்றிவிடுங்கள். உங்கள் பெயரையும் கம்பெனியையும் தெரு முழுக்க அது சொல்கிறது. இழுத்தால் தானே விடுபடும் கிளிப் இல்லாத பட்டையைப் பிடித்து இழுக்கவும் முடியும்.

போனும் ஓர் ஆயுதம்தான். பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் பவர் பட்டனை வேகமாக மூன்று அல்லது ஐந்து முறை அழுத்தினால் 112-க்கு அவசர அழைப்பு போகும். எத்தனை முறை என்பதை உங்கள் போனின் அமைப்பில் இன்றே பார்த்துவையுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியில் அவசர பட்டன் உண்டு. மகளிர் உதவிக்கு 181, ரயிலில் 139.

தற்காப்பு உரிமை எதுவரை?

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. கையில் எந்தக் கருவி இருந்தாலும், எதுவுமே இல்லாவிட்டாலும் இந்த உரிமை உங்களுக்கு உண்டு. பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சும்படியான தாக்குதல் ஆகியவற்றில், தடுக்கும்போது தாக்கியவன் இறந்தே போனாலும் அது குற்றமாகாது என்கிறது 38-வது பிரிவு.

2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் அருகே, கத்தியைக் காட்டித் தன்னை வன்புணர முயன்றவனின் கத்தியாலேயே அவனைக் குத்தினார் 19 வயதுப் பெண். அவன் இறந்தான். தற்காப்பு என்று முடிவெடுத்த காவல்துறை அப்பெண்ணை விடுவித்தது. அப்போது அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவுதான் இன்றைய 38.

இரண்டு எல்லைகளை மறக்கக்கூடாது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. ஆபத்து நீங்கியபின் துரத்திப்போய் அடித்தால் அது பழிவாங்கல் ஆகிவிடும். அதேசமயம், உயிர்ப்பயத்தில் இருப்பவர் தன் அடியைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்பது உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் வலியுறுத்திய கருத்து.

கம்பெனிக்கும் கடமை உண்டு

பாதுகாப்பை முழுக்கப் பெண்ணின் பையில் ஏற்றிவிட்டு நிறுவனம் கைகழுவ முடியாது. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-ல் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் அனுமதி தந்தபோது நிபந்தனையும் வைத்தது. பெண்ணின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஷிஃப்ட் வேலைக்கு வரும் பெண்களுக்கு வாகன வசதி செய்ய வேண்டும், அந்த வசதி இருப்பதை வாசலில் அறிவிப்பாக ஒட்ட வேண்டும். அறிவிப்பு இல்லையென்றால் ஹெச்.ஆர்.-க்கு மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இருக்காது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியையும் பணியிடமாகவே கருதுகிறது. டிரைவரோ சக ஊழியரோ வண்டியில் அத்துமீறினால் உள்ளகப் புகார்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கும். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

நடந்துவிட்டால்

அசோக் நகரிலேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கேதான் போயாக வேண்டும் என்பதில்லை. ‘இது கே.கே.நகர் எல்லை, அங்கே போங்க’ என்று திருப்பி அனுப்பக்கூடாது. எந்த நிலையமும் புகாரைப் பதிந்து, பிறகு உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. மின்னணு வழியில் அனுப்பிவிட்டு 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திடவும் வழி உண்டு. பாலியல் குற்றப் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். ஸ்ப்ரே அடித்தீர்கள் என்றால், எதிராளி முந்திக்கொள்ளும் முன் நீங்களே அதையும் புகாரில் எழுதிவிடுங்கள். கிழிந்த உடையைத் துவைக்காதீர்கள். அருகிலுள்ள கடை, வீட்டுக் கேமராப் பதிவுகள் அழிவதற்குள் எடுக்கச் சொல்லிப் புகாரிலேயே கேளுங்கள்.

பெரும்பாலும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். புகார் வந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. விசாரணை தொடங்க எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் துணை கமிஷனருக்குத் தபாலில் புகார் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கத் தாக்கியதாக 74-வது பிரிவின் கீழ் வரும் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-வது பிரிவு. ஸ்டேஷன் மேசைக்கு முன் அந்த எண்ணைத் தயங்காமல் சொல்லுங்கள்.