தொட்டிக்காகத் தேயும் தண்டு

பெங்களூருவில் குளியலறை கீசர் ஒழுகினால் பழி முழுவதும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்மீது விழும். அது பாதி உண்மைதான். மீதி, தொட்டிக்குள் யாரும் எட்டிப் பார்க்காத மெக்னீசியத் தண்டில் இருக்கிறது.

எஃகைவிட மெக்னீசியம் எளிதில் அரிக்கப்படும். அதனால் தண்ணீர் முதலில் தண்டைத் தின்கிறது; எஃகுத் தொட்டி பிழைக்கிறது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க 1824இல் ஹம்ப்ரி டேவி இரும்பையும் துத்தநாகத்தையும் பலிகொடுத்தாரே, அதே உத்தி.

தண்டு தீர்ந்தால் அடுத்த இரை தொட்டிதான். கண்ணாடிப் பூச்சிலுள்ள நுண்ணிய விரிசல்கள் வழியே துரு ஏறும். ஓட்டை விழுந்த தொட்டியை மீட்பது அரிது. சில நூறு ரூபாய்த் தண்டை மறந்தவர் பல ஆயிரம் கொடுத்துப் புது கீசர் வாங்க வேண்டியதுதான்.

உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை தண்டைப் பார்ப்பது நல்லது. மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீர் வரும் வால்வை மூடி, சூடு ஆறியபின் தொட்டியை வடித்துவிட்டே கழற்ற வேண்டும். நடுக்கம்பி வெளியே தெரிந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தண்டு தேய்வது கோளாறல்ல; அதுதான் அதன் வேலை. 'சர்வீஸ்' முடித்துக் கிளம்பும் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது ஒன்றே: "பழைய தண்டு எங்கே?"